முதலில் பாதத்தைப் பாருங்கள்... அப்புறம் ஷூவை!

சென்ற கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் கொட்டாரத்துக்கு வந்திருந்தான். மருந்து அறைக்குள் நுழைந்தவன், கையிலிருந்த புது ஷூவில் ஒன்றை எடுத்து என் எலக்ட்ரானிக் தராசின் மேல் வைத்தான். சுக்கும் திப்பிலியும் கடுக்காயும் நிறுக்கிற தராசு!

"எப்பா, பாருங்க... 262 கிராம். ஒரு மாம்பழ வெயிட்டுதான். இதைப் போட்டா மலையில பறக்கலாம்!"

அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "மருந்து நிறுக்கிற தராசுல செருப்பையா வைக்கிய? அப்பனுக்கும் மகனுக்கும் கூறு இல்லையா?"

எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் நானே பரணில் கிடந்த என் பழைய தோல் பூட்ஸை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்துப் பார்த்தால் ஒரு கால் 642 கிராம். வாசலில் கிடந்த என் கேன்வாஸ் ஷூ 335 கிராம். ஹவாய் செருப்பு 140 கிராம். (தராசை மூன்று தடவை கழுவித் துடைத்து வைத்தேன். அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். நோயாளிகள் யாராவது படித்துவிட்டுக் கவலைப்படப் போகிறார்கள்!)

எங்கள் ஊரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் பொற்றையடி. அங்கே நிற்பது மருந்துவாழ்மலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது உடைந்து விழுந்த துண்டு இது என்பது ஊர்க்கதை. நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகையும் இங்கேதான். எனக்கு இது மூலிகை பார்க்கும் மலை. இப்போது வருகிற இளைஞர்களுக்கோ இது வேகநடை மலை. விடியற்காலையில் கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, முதுகில் சின்னத் தண்ணீர்ப் பையோடு, காற்றாடி மாதிரி ஏறிப் போகிறார்கள். "எத்தனை நிமிஷம்?" என்பதுதான் ஒருவருக்கொருவர் கேட்கும் முதல் கேள்வி. நல்ல பழக்கம்தான். டீக்கடை பெஞ்சை விட மலை எவ்வளவோ மேல்.

ஆனால் என் மருத்துவ அறைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. கருத்துப்போன பெருவிரல் நகம், குதிகால் வலி, உப்புக்குத்தி நரம்பில் இழுப்பு... (குதிகாலுக்குப் பின்னால் கயிறு மாதிரி இருப்பதை எங்கள் பக்கத்தில் உப்புக்குத்தி என்போம்.) விசாரித்தால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "புது ஷூ வாங்கினேன் வைத்தியரே. நல்ல லேசான ஷூ!"

அப்படியானால் லேசான ஷூ கெடுதலா? இல்லை. முதலில் அதற்காக வாதாடிவிடுகிறேன்.

மருந்துவாழ்மலை உச்சிக்குப் போக நான் சுமார் மூவாயிரம் அடி எடுத்து வைக்கிறேன். அதாவது ஒவ்வொரு காலையும் 1,500 தடவை தூக்குகிறேன். தோல் பூட்ஸுக்கும் மகனின் ஷூவுக்கும் வித்தியாசம் ஒரு காலுக்கு 380 கிராம். பெருக்கிப் பாருங்கள். 570 கிலோ! உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு காலும் அரை டன்னுக்கு மேல் தேவையில்லாமல் தூக்கியிருக்கிறது. முதுகில் இருக்கும் சுமை உடம்போடு சேர்ந்து நகரும். காலில் இருக்கும் சுமையோ ஒவ்வொரு அடியிலும் நின்று, மறுபடி கிளம்பி, வீசப்பட்டு, மறுபடி நிற்க வேண்டும். காலில் ஒரு கிலோ, முதுகில் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறுகிறவர்களிடம் ரொம்ப நாளாகப் புழங்கும் பேச்சு. ராணுவ ஆய்வுகளும் ஏறக்குறைய அதை ஒட்டித்தான் வந்திருக்கின்றன. ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனைகளில், ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூட்டினால் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், மூலிகை பார்க்கக் காரையாறு பக்கம் போனோம். 'மலைன்னா பூட்ஸ் வேணும்லே' என்று யாரோ சொல்ல, என்.சி.சி.யில் இருந்த நண்பனிடம் பூட்ஸ் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அளவும் ஒன்று பெரிசு. மத்தியானத்துக்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து ரத்தம். எங்களோடு வழிகாட்டியாக வந்த காணிக்காரப் பெரியவர் ரப்பர் செருப்போடு பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தார். நான் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு திரும்பி வந்தேன். அன்று முதல் கனமான பூட்ஸ் என்றாலே எனக்கு ஆகாது. பரணில் கிடப்பது கூட ஒரு உறவினர் பரிசாகக் கொடுத்தது.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு அம்மா. பதினொரு பிள்ளை பெற்றவர். 1955-இல், 67 வயதில், அப்பலாச்சியன் மலைப் பாதை முழுவதையும் தன்னந்தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேல்! காலில் என்ன தெரியுமா? சாதாரண கேன்வாஸ் ஷூ. தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை. ஒரு பயணத்துக்குள் பல ஜோடி கிழிந்தது, உண்மைதான். ஆனால் கிழிந்தது ஷூதானே, கால் இல்லையே! நம் ஊர் மலைகளில் ஒரு பகல் ஏறி இறங்க எட்டாயிரம் பத்தாயிரம் கொடுத்துக் கவசம் மாதிரி பூட்ஸ் வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என் சோதனைக்கு வருகிறேன். மகன் ஊருக்குத் திரும்பும்போது, "நீங்களே போட்டுப் பாத்துச் சொல்லுங்கப்பா" என்று அந்த ஷூவை விட்டுவிட்டுப் போனான். இருவருக்கும் ஒரே அளவு, எட்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒரே பாதை, ஒரே நேரம், காலை ஐந்தே முக்கால். வயிற்றில் ஒரு டம்ளர் சுக்கு வெந்நீர். கையில் பழம் இல்லை. (பழம் கொண்டு போனால் அது உங்களுடையதல்ல, குரங்குகளுடையது.)

தோல் பூட்ஸ் போட்டு ஏற 47 நிமிஷம் ஆனது. கேன்வாஸில் 44. மகனின் ஷூவில் 43. உச்சியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே, 'பரவாயில்லையே, நாலு நிமிஷம் லாபம்!' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மூச்சும் அவ்வளவாக வாங்கவில்லை.

இறங்க ஆரம்பித்த பிறகுதான் விஷயமே இருக்கிறது.

முந்தின இரவு தூறல். படிகள் முடிந்து பாறை வரும் இடத்தில் ஈரம். பூட்ஸின் ஆழமான வெட்டுப் பல் கொண்ட அடிப்பாகம் மண்ணில் பிடித்தது, ஆனால் ஈரப்பாறையில் சறுக்கியது. மகனின் ஷூ பாறையில் பூட்ஸை விடப் பிடித்தது, ஆனால் பொடிமண் மூடிய சரிவில் இரண்டு தடவை வழுக்கிவிட்டது. ஒரு தடவை உட்கார்ந்தே போனேன். வயது காரணமாக என்று வைத்துக்கொண்டாலும், வழுக்கினது வழுக்கினதுதான். மேல் துணி வலை மாதிரி இருப்பதால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது. உடைமுள்ளும் அதே வழியாக நன்றாக உள்ளே வருகிறது. இறக்கத்தில் கால் முன்னுக்குச் சரிந்து பெருவிரல் போய் ஷூவின் மூக்கில் இடித்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நகத்தடியில் சிவப்பு. எண்ணிப் பார்த்ததில், பூட்ஸில் 38 நிமிஷத்தில் இறங்கிய நான், லேசான ஷூவில் பயந்து பயந்து 41 நிமிஷம் எடுத்திருக்கிறேன். ஏற்றத்தில் சம்பாதித்த நாலில் மூன்று, இறக்கத்தில் போயிற்று!

மறுநாள் இன்னொரு பாடம். கெண்டைக்காலைத் தொட முடியவில்லை. காரணம் இருக்கிறது. நாம் சாதாரணமாகப் போடும் ஷூக்களில் குதிகால் பக்கம் முன்பாதத்தை விட ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கும். மலை ஓட்டத்துக்கென்று வரும் லேசான ஷூக்கள் பலவற்றில் இந்த உயரம் பாதிக்கும் கீழே. சிலவற்றில் சுத்தமாகக் கிடையாது. இருபது வருஷம் குதி உயர்ந்த ஷூவில் நடந்த ஒருவர் திடீரென்று தட்டை ஷூவுக்கு மாறினால், அந்தக் குறைந்த உயரத்தை உப்புக்குத்தி நரம்பும் கெண்டைச் சதையும்தான் நீண்டு ஈடுகட்ட வேண்டும். முதல் வாரமே மலையேறினால் அவை சண்டைக்கு வராமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு ஆள், மூன்று நாள், அதுவும் ஐம்பது தாண்டிய ஆள். இதை ஆராய்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஷூவைச் சோதிக்க இதை விடப் பெரிய ஆராய்ச்சி உங்களுக்கும் தேவையில்லை. கம்பெனிக்காரர்கள் தொழிற்சாலையில் ஷூவை ஆயிரக்கணக்கான தடவை இயந்திரத்தில் மடக்கிப் பார்க்கிறார்கள், அடிப்பாகத்தைத் தேய்த்துப் பார்க்கிறார்கள், ஒட்டியதைப் பிய்த்துப் பார்க்கிறார்கள். ஷூ எப்போது கிழியும் என்பதற்கு அது விடை. உங்கள் நகம் எப்போது கருக்கும் என்பதற்கு அந்த இயந்திரத்தில் விடை கிடையாது.

கடையில் என்ன நடக்கிறது? நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். விற்பனைப் பையன் ஷூவை என் உள்ளங்கையில் வைத்து, "சார், வெயிட்டே தெரியாது பாருங்க!" என்றான். கையில் வைத்துப் பார்க்க இது என்ன தேங்காயா? காலில் போட்டு, கயிறு கட்டி, கடையின் மாடிப்படியில் நாலு தடவை இறங்க வேண்டும் என்றேன். அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி விட்டத்தைப் பார்த்தார். இறங்கினேன். விரல் இடித்தது. ஒரு அளவு பெரிசு கேட்டு வாங்கிப் போட்டு மறுபடி இறங்கினேன்.

சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த பிறகு பாதம் சற்று உப்பியிருக்கும். மலையிலும் அப்படித்தான் இருக்கும். நிறையப் பேருக்கு ஒரு பாதம் மற்றதை விடப் பெரிசு. பெரிய பாதத்துக்குத்தான் ஷூ. மலைக்குப் போடப்போகும் அதே காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பிறகு ஷூவைக் கழற்றி முன்னும் பின்னும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது. நடுவில் செய்தித்தாள் மாதிரி மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். செல்போனில் வாங்குகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் போட்டு நடந்து, மாடிப்படி இறங்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் மண்ணில் வைக்கட்டும். மண் பட்ட ஷூவைத் திருப்பி எடுப்பார்களா?

வாங்கியதும் நேரே மலைக்கு ஓடாதீர்கள். முதல் வாரம் ஊருக்குள் தினம் அரை மணி. அடுத்த வாரம் மலையின் படிகள் வரைக்கும். ஒரு மாதம் கழித்து உச்சி. இந்தப் பொறுமை இல்லாமல்தான் குதிவாதத்தோடு என்னிடம் வருகிறார்கள். எருக்கிலையும் தைலமும் நான் கொடுக்கலாம். பொறுமையை எந்தக் குடுவையில் வைத்துக் கொடுப்பது?

இன்னொன்றும் உண்டு. ஷூவின் அடியில் இருக்கும் மெத்தை என்பது வேறொன்றுமில்லை, லட்சக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுக் குமிழிகள். நடக்க நடக்க அந்தக் குமிழிகள் நசுங்கிப் போகும். மேலே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே மெத்தை செத்திருக்கும். பல நூறு கிலோமீட்டர் போன லேசான ஷூவைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் அதை மலைக்குக் கொண்டு போகாதீர்கள், மார்க்கெட்டுக்குப் போட்டுப் போங்கள்.

இதைப் படிக்கும் சிலர், 'இந்த ஷூ தொல்லையே வேண்டாம், வெறுங்கால்தான் உத்தமம்' என்று சொல்லக் கேட்கிறேன். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். காரையாற்று பூட்ஸ் என்னை அந்தக் கட்சியில் சேர்த்தது. உள்ளங்காலில் வர்மப் புள்ளிகள் இருக்கின்றன, மண்ணில் கால் பட்டால் உடம்புக்கு நல்லது என்று பல வருஷம் வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கிய கதையைச் சொல்லாத நாள் கிடையாது. அதே பிகிலா 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, முன்னதை விடக் குறைந்த நேரத்தில் மறுபடி தங்கம் வாங்கியதை மட்டும் வசதியாக மறந்துவிடுவேன்!

வெறுங்கால் மோகம் உலகம் முழுக்கவே ஒரு காலத்தில் அடித்தது. ஐந்து விரலுக்கும் தனித்தனியாக உறை வைத்த, காகிதம் போன்ற மெல்லிய ஷூ ஒன்றை விப்ரம் கம்பெனி கொண்டு வந்தது. இந்தக் கம்பெனியின் ஆரம்பமே ஒரு மலைச் சோகம். 1935-இல் இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானியின் நண்பர்கள் ஆறு பேர் ஆல்ப்ஸ் மலையில் இறந்து போனார்கள். காலணி சரியில்லாததும் ஒரு காரணம் என்று கருதிய அவர், பாறையிலும் பனியிலும் பிடிக்கும் ரப்பர் அடிப்பாகத்தை 1937-இல் உருவாக்கினார். அப்படிப் பிறந்த கம்பெனி, பிற்காலத்தில் 'கிட்டத்தட்ட வெறுங்கால்' ஷூவையும் விற்றது. 2013-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், பழகிய ஓட்டக்காரர்கள் அந்த ஷூவுக்குப் பத்து வாரத்தில் படிப்படியாக மாறினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மாறியவர்களில் பாதிப் பேருக்குப் பாத எலும்புகளின் உள்ளே நீர் கோத்திருந்தது! விளம்பரத்தில் சொன்ன நன்மைகளுக்கு ஆதாரம் போதாது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2014-இல் அந்தக் கம்பெனி 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

நியாயமாக, இதெல்லாம் படித்து என் புத்தி மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. மாறியது எங்கள் தெருக்காரர் ஒருவரால்.

ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாள் என்னிடம் வந்தார். "வைத்தியரே, நானும் காலையில மலைக்குப் போலாம்னு இருக்கேன். ஷூ போட்டா கால் மரத்தாப்புல இருக்கு. வெறும் காலோட ஏறட்டா?"

அந்த ஒரு வார்த்தையில் நான் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். 'மரத்தாப்புல இருக்கு' என்கிறார்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாராளமா ஏறுங்க அண்ணாச்சி. கால் மண்ணுல படட்டும், ரத்த ஓட்டம் வரும்." பாதத்தைக் கழுவச் சொல்லி ஒரு தடவை பார்க்கக்கூட இல்லை.

பத்து நாள் போயிருக்கும். அவர் வீட்டம்மா தரை துடைக்கும்போது மொசைக்கில் வட்ட வட்டமாகக் கறை. பார்த்தால் இவர் உள்ளங்காலில் முள் ஒடிந்து உள்ளே இருக்கிறது, சுற்றிச் சீழ். "எப்போ குத்துச்சு?" என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. வலித்திருந்தால்தானே தெரியும்! அதோடு இன்னொரு காரியமும் அவர் செய்திருந்தார். கால் அசதிக்குப் பாட்டி வைத்தியமாகச் செங்கல்லைச் சுட்டு, எருக்கிலை போட்டு அதன் மேல் காலை வைத்திருக்கிறார். சூடு தெரியாததால் கொப்புளம் வேறு. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கடைசியில் இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று.

பார்க்கப் போனேன். "நீங்க என்ன செய்வியோ வைத்தியரே, எங்க நேரம்" என்றார். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

இந்த விஷயத்தில் நம் தமிழ்நாடு உலகத்துக்கே பாடம் சொன்ன ஒரு வரலாறு உண்டு. டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால்களில் புண் வருவதும் விரல்கள் தேய்வதும் நோயே சதையைத் தின்பதால்தான் என்று அதுவரை நம்பினார்கள். அவர் கவனித்துச் சொன்னது வேறு. நோய் உணர்ச்சியைத்தான் எடுத்துவிடுகிறது. வலி தெரியாததால் மனிதன் அதே இடத்தில் மறுபடி மறுபடி மிதித்துத் தானே புண்ணாக்கிக்கொள்கிறான் என்றார். அதற்கு மருந்து தேடிப் போனவர் கடைசியில் செருப்பில் வந்து நின்றார். என்னென்னவோ செய்து பார்த்து, வேலூரில் அவரும் தோழர்களும் உருவாக்கியதுதான் நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர் செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று ஆஸ்பத்திரிகளில் இன்றும் கொடுக்கிறார்களே, அதேதான். மகனின் பத்தாயிரம் ரூபாய் ஷூவின் அடியில் இருக்கும் மெத்தையும் இதற்குத் தூரத்துச் சொந்தம். இரண்டிலும் வேலை செய்வது காற்றுக் குமிழிதான்.

நமக்கு இறக்கத்தில் விரல் இடித்தால் வலிக்கிறது. வலித்தால் நின்று கயிற்றை இறுக்குகிறோம், கூழாங்கல்லை எடுத்துப் போடுகிறோம். லேசான ஷூவும் வெறுங்காலும் இந்த வலியை நம்பித்தான் வேலை செய்கின்றன. அந்த வலி வராத காலுக்கு? அதற்கு 262 கிராமும் ஒன்றுதான், 642 கிராமும் ஒன்றுதான்.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள், நாற்பது தாண்டியவர்கள், 'எரியுது, மரக்குது, பஞ்சு மேல நடக்காப்புல இருக்கு' என்று சொல்கிறவர்கள் ஷூக் கடைக்குப் போகும் முன் பாதத்தைச் சோதியுங்கள். மருத்துவரிடம் பத்து கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழை இருக்கும். அதை வைத்து உள்ளங்காலில் தொட்டுப் பார்ப்பார். இரண்டு நிமிஷ வேலை.

வீட்டிலேயே செய்ய ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011-இல் எழுதியது. கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் ஆள்காட்டி விரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இரண்டு கால்களிலும் மெல்லத் தொட வேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. ஒன்றிரண்டு வினாடி தொட்டால் போதும். மொத்தம் ஆறு தொடுதல். தெரியும்போதெல்லாம் அவர் 'வலது', 'இடது' என்று சொல்ல வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் அந்தப் பாதத்துக்கு மலையும் வேண்டாம், வேகமும் வேண்டாம். முதலில் மருத்துவர். சுடு செங்கல், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் அந்தக் காலுக்கு ஆகவே ஆகாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

வெள்ளியங்கிரி, சபரிமலை என்று விரதமிருந்து வெறுங்காலில் போகிறவர்களின் பக்தியில் குறுக்கிட எனக்கு உரிமையில்லை. ஆனால் உணர்ச்சி குறைந்த பாதத்தோடு போகும் அப்பாவையோ மாமாவையோ, 'கோயில் வாசல் வரை செருப்பு போட்டுக்கோங்க' என்று சொல்ல வீட்டில் ஒருவருக்காவது தைரியம் வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 2024-இல் வெள்ளியங்கிரி ஏறியவர்களில் சிலர் அப்படித்தான் உயிரிழந்தார்கள். எந்த ஷூவும் இதயத்துக்குப் பதில் சொல்லாது.

மகனின் ஷூவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அரை அளவு பெரிசாக அவனுக்கு வேறு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். காய்ந்த பாதை, வெயில் காலம், முதுகில் சுமை இல்லை என்றால் அதுதான் என் கால்களுக்கு. கார்த்திகை, ஆனி ஆடி மழை நாட்களில் கேன்வாஸ். பூட்ஸ் மறுபடி பரணுக்கே போயிற்று.

போன வாரம் எங்கள் தெருக்காரரைப் பொற்றையடி சாலையில் பார்த்தேன். எம்.சி.ஆர். செருப்பு, வெள்ளைக் காலுறை. மலையடிவாரம் வரை நடந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். "வைத்தியரே, அந்த லேசு ஷூ எனக்குச் செட் ஆகுமா?" என்றார் சிரித்துக்கொண்டே. சாலையோரத் திண்டிலேயே உட்கார வைத்துக் காலுறையைக் கழற்றச் சொன்னேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு மீதமிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். இடது காலில் மூன்றைத் தொட்டேன். 'ம்' என்று காத்துக்கொண்டேயிருந்தார். "ஆரம்பிச்சிட்டியளா?" என்றார்.

காலுறையை நானே மாட்டிவிட்டேன்.